மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பேஷ்

அரியலூர் பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் தங்கவேலு அன்று டீக்கடைப் பக்கம் போகாமல் நேரே எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்துவிட்டார். பிற்பகல் மூன்று மணி இருக்கும். பெரம்பலூருக்கு மாற்றலாகி வந்த பிறகும் எனக்குக் கணக்குப் பாடம்தான். போர்டில் ஒரு பின்னக் கணக்கு பாதியில் நின்றது. "சார், கொஞ்சம் வெளிய வாங்க" என்றார். போனேன். "நம்ம டிராயிங் மாஸ்டர் போயிட்டாருங்க. முந்தாநேத்து நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தவரு எழுந்திரிக்கல. நேத்து அவங்க ஊருக்கு எடுத்துட்டுப் போயி அடக்கம் பண்ணிட்டாங்க. ஒங்களுக்குச் சேதி வந்திருக்கும்னு நெனச்சேன்."

எனக்குச் சேதி வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. இங்கிருந்து அரியலூர் இருபது மைல் தூரம்தான். மாற்றலாகி வந்த இந்த ஒன்றரை வருஷத்தில் அந்த இருபது மைலை நான் ஒரே ஒரு முறைதான் கடந்தேன். இந்தச் சனிக்கிழமை போவதாக இருந்தேன். போன சனிக்கிழமையும் போவதாகத்தான் இருந்தேன்.

டிராயிங் மாஸ்டர் அருளப்பன் சாரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரோடு உட்கார்ந்து நான் கேட்ட கச்சேரிகள் நாற்பதாவது இருக்கும். அவற்றில் மிக நல்லது ஒன்று, மிக மோசமானது ஒன்று, இரண்டையும் சொல்லப் போகிறேன். மோசமான கச்சேரியைப் பற்றி அவரிடம் நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அவர் இருந்தவரை சொல்லத் தைரியம் வரவில்லை. அதை இப்போது உங்கள் முன்னால் சொல்கிறேன்.

அவரும் நானும் அரியலூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தோம். அவருக்கு வரதராசன்பேட்டைப் பக்கம் சொந்த ஊர். அப்பா அங்கே மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர். சார் நல்ல உயரம். மூடின கோட்டு, அதன் பையில் கலர் சாக்கட்டிகள். கடைசி வகுப்பு முடிந்ததும் கையைக்கூடக் கழுவாமல் கச்சேரிக்குக் கிளம்பிவிடுவார். தொடையில் தாளம் போடுவார். கச்சேரி முடியும்போது வேட்டியில் சிவப்பும் நீலமுமாக ஒரு கை அச்சு விழுந்திருக்கும். அவர் மனைவி செபஸ்தியம்மாள் அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துக்கொள்வார்: "எந்த ஊருல கச்சேரி, என்ன தாளம்னு இவரு சொல்லவே வேணாம். வேட்டியத் தொவைக்கிறப்ப எனக்கே தெரிஞ்சிடும்."

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், பெரம்பலூரில் ஓர் உற்சவக் கச்சேரிக்கு முதல்முறையாகச் சேர்ந்து போனோம். பாடியவர் பெயரெடுத்தவர்தான், அன்று பாவம் ஜலதோஷம். மேல் ஸ்தாயிக்குப் போன இடத்தில் குரல் பிளந்து நின்றுவிட்டது. பந்தலில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அப்போது எனக்குப் பக்கத்திலிருந்து, மூன்றாம் வரிசையிலிருந்து, "பேஷ்" என்று ஒரு குரல். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். சங்கீதமே தெரியாத மனிதரோடு வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். ஆனால் மேடையில் இருந்தவர் இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார், கீழே இறங்கி வந்து அழகாக முடித்தார்.

மறுநாள் காலை திரும்பும்போது, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் எங்கள் கரி பஸ் வழக்கம்போல மேட்டில் நின்றுவிட்டது. கிளீனர் இறங்கி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். சும்மா இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏன் சார், அவர் சறுக்கின எடத்துலயா பேஷ் சொல்லுவாங்க?"

"பின்ன எங்க சொல்றது?" என்றார். "நல்லா பாடுறவருக்கு என் பேஷ் எதுக்குய்யா? அவருக்கே தெரியும். சறுக்குறவருக்குத்தான் யாராவது கூட இருக்கோம்னு தெரியணும்." சிரித்தார். "பத்து வயசுல ஒரு கிறிஸ்மஸுக்கு எங்க கோயில்ல என்னைத் தனியாப் பாட விட்டாங்க. பாதியில குரல் ஒடைஞ்சிடுச்சு. கோயில் நெறய சனம், ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாட்டுக்காரனாயிருப்பேன். இப்பக் கத்திரிக்காய் வரையச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

இனி அந்த நல்ல கச்சேரி. செந்துறையில் ஒரு கல்யாணம், அன்று பள்ளிக்கூடம் அரைநாள்தான்; சார் சாக்கட்டிக் கையோடு வந்திருந்தார். மாலையில் பாட வேண்டியவர் மத்தியானமே வந்து இறங்கியிருந்தார். மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. பந்தல் ஒழுகி, மைக் செட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். நாங்கள் ஒரு நாற்பது பேர் கடலை மூட்டை அடுக்கியிருந்த கொட்டகையில் ஒதுங்கினோம். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று பாடகர் மூட்டைமேல் சாய்ந்தபடியே ஆரம்பித்தார். கடலைத் தூசியில் மிருதங்கக்காரர் இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு தும்மல் போட்டார். அப்படியும் அந்த மழைச் சத்தத்தோடு இரண்டு மணி நேரம் கேட்டோமே, அதுபோல நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. சார் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போது அவர் வேட்டியைப் பார்த்தேன், ஒரு கறைகூட இல்லை. தாளம் போடவே மறந்திருக்கிறார். எப்படி சார் இருந்தது என்று கேட்டேன். பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த பிறகு, "நாளைக்கு ஸ்கூல் இருக்குல்ல?" என்றார். அதுதான் அவர் கொடுத்த விமர்சனம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய பேஷ் விவகாரத்தை ஆசிரியர் அறையில் அவிழ்த்துவிட்டவன் நான்தான். பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் பரீட்சையில் தேறாத பையனுக்கு எல்லாம் பேஷ் என்றே பெயர். "ஏழாங் கிளாஸ்ல எத்தன பேரு பேஷ்?" என்று ஹெட்மாஸ்டரே கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. சாரும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்ததால் அதில் தப்பே இல்லை என்று நான் வைத்துக்கொண்டேன்.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம். அரியலூரில் சார் நீங்கலாக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் கமிட்டி வைத்திருந்தோம், நான் காரியதரிசி. கும்பகோணம் பக்கத்திலிருந்து விசாலம் என்று ஓர் அம்மாளை அழைத்திருந்தோம். முப்பது வயதிருக்கும். தொண்டையில் ஏதோ கோளாறு வந்து இரண்டு வருஷம் பாடாமல் இருந்தவர், மறுபடி மேடை ஏறுவது அன்றுதான். அவருடைய அண்ணன்தான் பிடில். மத்தியானம் என் வீட்டில் சாப்பாடு, கமிட்டி முழுவதும் இருந்தது. "இந்த ஊர்ல எப்படிங்க, நல்லா கேப்பாங்களா?" என்று அந்த அம்மாள் பயந்த குரலில் கேட்டார்.

அப்போது நான் சொன்னது இதுதான்: "எல்லாம் நல்லா கேப்பாங்க. மூணாவது வரிசையில கோட்டு போட்டுக்கிட்டு உசரமா ஒருத்தர் இருப்பாரு. அவரு பேஷ் சொல்லாத வரைக்கும் கவலையே இல்ல. அவரு வாயில பேஷ் வந்துச்சுன்னா நீங்க பெயில்னு அர்த்தம்." இலை முன் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குப் பாயசத்தைவிட அந்தச் சிரிப்பு இனித்தது. அந்த அம்மாளும் சிரித்தார். சிரித்துவிட்டு, "மூணாவது வரிசையா?" என்று கேட்டுக்கொண்டார். சார் எதற்காக பேஷ் சொல்கிறார் என்கிற மறுபாதியை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஆறு மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. முதல் முக்கால் மணி பிரமாதம். காரியதரிசி என்பதால் நான் மேடையின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். காம்போதி ராகம் எடுத்து மேலே போனபோது, இரண்டு வருஷம் உறங்கிய குரல், ஓரிடத்தில் லேசாகச் சிக்கியது. பாதிப் பேருக்குத் தெரிந்தே இருக்காது. அருளப்பன் சாருக்குத் தெரிந்தது. "பேஷ்" என்றார், மெதுவாக, அவருக்கே உரிய அந்தக் கனிவோடு.

அந்த அம்மாளின் கண் மூன்றாம் வரிசைக்குப் போனதைப் பார்த்தேன். முகத்தில் ரத்தம் வற்றியதையும் பார்த்தேன். தாளம் போட்ட கை தொடையிலேயே நின்றுவிட்டது. அண்ணன் பிடிலில் ஏதோ வாசித்துச் சமாளித்தார். அந்த அம்மாள் பாட்டை எடுத்தார், சரணத்தில் அடி மறந்துவிட்டது. சார் பதறிப்போய்விட்டார். இன்னும் கொஞ்சம் பலமாக, "பேஷ், பேஷ்" என்றார். அந்த அம்மாளைத் தூக்கிவிட வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் போய் அந்த அம்மாள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பந்தலில் இது தெரிந்தவன் நான். எழுந்து போய் சார் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருக்கலாம், பத்தடி தூரம்தான். எல்லோரும் பார்ப்பார்களே என்று உட்கார்ந்தே இருந்தேன். ஏழரை மணிக்கு அந்த அம்மாள் மங்களம் பாடி எழுந்துவிட்டார். உடம்பு சரியில்லை என்று ஜனங்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

சார் ஆறுதல் சொல்ல மேடையருகே வந்தார். "அம்மா, அந்தக் காம்போதி எடுத்த எடுப்பு இருக்கே..." என்று ஆரம்பித்தார். பிடிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தார். "போதும் சார். தப்புப் பண்ணாத்தான் நீங்க பேஷ் சொல்லுவீங்களாமே. ஒங்க கமிட்டியிலயே சொல்லிட்டாங்க. அவ ரெண்டு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் வாயத் தொறந்தா."

சார் திரும்பி எங்களைப் பார்த்தார். ஐந்து பேரும் அங்கே நின்றிருந்தோம். மைக் செட்டுக்காரர் ஒயர் சுற்றுவதை நான் மும்முரமாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்யாவது சொல்லியிருப்பேன், அதற்காவது திட்டு வாங்கியிருப்பேன். அவர் வேட்டியில் அன்று சிவப்புச் சாக்கட்டி அழுத்தமாகப் பதிந்திருந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு கச்சேரிக்கு வந்தார். கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். கூப்பிட்டால், "டிராயிங் நோட்டு கெடக்குய்யா" என்பார். சாக்கட்டிக் கறை படாத வேட்டியைத் துவைப்பது எவ்வளவு லேசு என்று செபஸ்தியம்மாள் ஒரு நாளும் சொல்லவில்லை.

போன பொங்கல் லீவில் அவரைப் பார்க்கப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன், பஸ்ஸில் வாக்கியங்களை எல்லாம் சரிபார்த்து வைத்திருந்தேன். "வாய்யா கணக்கு" என்று பிள்ளைகளின் டிராயிங் நோட்டுகளை ஒதுக்கி எனக்கு இடம் போட்டார். கொஞ்ச நேரம் ஊர்ப் பேச்சு. பிறகு அவராகவே, "அந்தம்மா அப்புறம் எங்கயாச்சும் பாடுச்சா?" என்று கேட்டார்.

"சார், அன்னைக்கு மத்தியானம் எங்க வூட்டுல சாப்பிடுறப்ப..." என்று தொடங்கினேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். வாக்கியம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "இப்ப நல்லா பாடுறாங்களாம் சார். கும்பகோணத்துல சொன்னாங்க" என்று முடித்தேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாளைப் பற்றி நான் விசாரிக்கக்கூட இல்லை.

சார் என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டார். யாரோ ஒரு பையன் வரைந்த கோணல் குடத்துக்கு மார்க் போட்டுக்கொண்டே, "பேஷ்" என்றார்.

நான் காபி குடித்துவிட்டு விடைபெற்றேன். அந்தப் பேஷ் குடத்துக்கு அல்ல என்று பஸ் அரியலூரைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இறங்கித் திரும்பிப் போயிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

கமிட்டியில் சொன்னது நான்தான். மற்ற நால்வரும் அது தெரிந்தும் இத்தனை நாள் அந்தப் பழியில் என்னோடு நின்றீர்கள், என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். விசாலம் அம்மாள் எங்காவது இதைப் படிக்க நேர்ந்தால், அன்று மூன்றாம் வரிசையில் இருந்தவர் உங்களைக் கைவிடாத ஒரே மனிதர் என்பதை அறிந்துகொள்ள வேண்டுகிறேன். அருளப்பன் சாருடைய கோட்டு, கலர் சாக்கட்டி எதையும் நான் கேட்டு வாங்கவில்லை, அதெல்லாம் அவர் வீட்டாருக்கு உரியது. என்னிடம் இருப்பது பொங்கலன்று அவர் சொன்ன அந்த ஒரு பேஷ் மட்டும்தான். அதை அவர் யாருக்குச் சொல்வார் என்பது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும்.