வாத்தியக் கடையின் பின்னறை

மகனுடைய கீபோர்டை விற்கத்தான் போனேன். அவன் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போன பிறகு, அது அலமாரியின் மேல் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. சிட்லபாக்கத்திலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போய், மேற்கு தாம்பரத்தில் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் வாத்தியக் கடையில் இறங்கினேன்.

கடை ரயில் பெட்டி அகலம்தான். இரண்டு பக்கமும் கிடார்கள் தொங்கின. உள்ளே நடந்தால் ஏதாவது ஒன்று தோளில் இடித்து முனகும். காலியாக இருந்தது ஒரே ஒரு வட்ட ஸ்டூல். உட்கார்ந்து காலை நீட்டினேன். 'தொம்' என்று ஒரு சத்தம். வயிற்றுக்குள்ளேயே யாரோ கதவைத் தட்டியது போல இருந்தது. நான் உட்கார்ந்தது ட்ரம்ஸ் வாசிப்பவரின் ஸ்டூலில். மிதித்தது பெரிய ட்ரம்மின் பெடலை.

"சாரி, சாரி" என்று காலை இழுத்துக்கொண்டேன்.

கீபோர்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்தார். நாற்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ட்ரம்ஸ் வாசிப்பவர் என்று பிறகு தெரிந்தது. "இன்னாத்துக்கு மேடம் சாரி? இன்னொரு வாட்டி மிதிங்க" என்றார்.

மிதித்தேன். அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலேயே பலமுறை மிதித்தேன்.

எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். அதுவரை வாழ்க்கையில் நான் தட்டியது கால்குலேட்டரை மட்டும்தான். அன்று கீபோர்டைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு ஜோடி குச்சியும் கடையின் பின்னறையில் வாரம் இரண்டு ட்ரம்ஸ் வகுப்பும் பேசிக்கொண்டு வந்தேன். கீபோர்டு போனதைக் கணவரிடம் சொன்னேன். ட்ரம்ஸ் வந்ததைச் சொல்லவில்லை. அவருக்குச் சத்தம் ஆகாது. மகன் கீபோர்டைத் திறந்தாலே எழுந்து போய் அவன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வருவார். ஆகவே செவ்வாயும் வெள்ளியும் நான் கோயிலுக்குப் போகிறேன் என்றானது. "எனக்கும் சேர்த்து ஒரு அர்ச்சனை பண்ணிடு" என்றார் ஒருநாள். அன்று அவர் பேரைச் சொல்லி ட்ரம்மில் நன்றாக நாலு போடு போட்டேன்.

அந்தக் கடையை எனக்குப் பிடித்துப்போனது ட்ரம்ஸால் மட்டுமல்ல. பளபளவென்று இருந்த கனமான குச்சிகளைக் கேட்டபோது கடைக்காரர் தர மறுத்துவிட்டார். "அது ஒங்க மணிக்கட்டுக்கு ஆவாது மேடம், பேஜாராப் பூடும்" என்று விலை குறைந்ததை எடுத்துக் கொடுத்தார். பம்மலில் கல்யாண பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கும் ஒருவர், ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் ட்ரம்பெட்டில் விரலால் அழுத்தும் பித்தான் சிக்கிக்கொண்டது என்று ஓடி வருவார். கடைக்காரர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எண்ணெய் போட்டுச் சரிசெய்து அனுப்புவார். கேளம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் ஆன்லைனில் வாங்கிய கிடாரைக் கொண்டுவந்தாள். கம்பிகள் அவ்வளவு உயரத்தில் நின்றன, துணி காயப்போடலாம். எங்கே வாங்கினாய் என்று அவர் கேட்கவே இல்லை. இறக்கி வைத்து, சுருதி சேர்த்து, "இப்ப வாசிம்மா" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த பாடத்துக்குத் தயாரானபோது, வெளியே ஒரு குரல் கேட்டது.

"மவுத் ஆர்கன் இருக்கா? சத்தம் ரொம்ப வராத மாதிரி."

என் கணவரின் குரல். குச்சிகள் கையில் அப்படியே நின்றன.

"சத்தம் வராத மவுத் ஆர்கனா சார்?"

"வீட்ல தெரியக் கூடாது. ரிட்டயர் ஆயிட்டேன், காலேஜ்ல வாசிச்சதை மறுபடி ஆரம்பிக்கலாம்னு பார்க்கறேன். ஆனா வொய்ஃபுக்குச் சத்தம்னாலே தலைவலி. பையன் கீபோர்டு வாசிச்சப்பகூட அவளுக்காக நான்தான் போய்க் கதவைச் சாத்துவேன்."

சத்தத்தைக் குறைக்க முட்டை அட்டை ஒட்டிய சுவர்களுக்கு நடுவே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கா தலைவலி? இவருக்காக நான் மகனுக்கு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேனே! வெளியே போய் ஒரு பிடி பிடிக்கலாம் என்று எழுந்தேன். ஆனால் அந்த நேரத்தில் நான் கோயிலில் அல்லவா இருந்தேன்? கதவை லேசாகத் திறந்து, கடைக்காரர் கண்ணில் படும்படி முதலில் கணவரின் முதுகைக் காட்டினேன். பிறகு என் தாலியை எடுத்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இருமல் வந்தது போல வாயைப் பொத்திக்கொண்டார்.

கணவர் ஒரு பழைய பாட்டை வாசித்துப் பார்த்தார். மெட்டு சரியாகத்தான் இருந்தது. வேகம்தான் ஜிஎஸ்டி ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் பஸ் மாதிரி.

"தாளம் நிக்க மாட்டேங்குது சார்" என்றார் கடைக்காரர். "உள்ள ஒரு பையன் ப்ராக்டீஸ் பண்ணிகினு கீறான். பீட் போடச் சொல்றேன், கூடவே வாசிங்க." அப்புறம் பின்னறைப் பக்கம் திரும்பி, "தம்பி! மெதுவா ஒரு பீட் போடு!" என்று கத்தினார்.

தம்பி போட்டான்.

முதல் வரியில் அவர் தனியாகப் போனார். பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் அவர் என் தாளத்தில் வந்து உட்கார்ந்தது தெரிந்தது. கடைத்தெருவில் எப்போதும் பத்தடி முன்னால் போகிற மனிதர், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அன்றுதான் என் வேகத்துக்கு நடந்தார்.

"பையன் நல்லா வாசிக்கிறான்" என்றார் முடிவில். "கடைசில கொஞ்சம் அவசரப்படறான்."

"அது பொறவிக் கொணம் சார்" என்றார் கடைக்காரர்.

அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும். வீட்டில் ஏரிக்கரைக்கு வாக்கிங் போவதாகச் சொல்லிவைத்தார். இரவு தோசை சாப்பிடும்போது, "ஏரிப் பக்கம் காத்து எப்படி?" என்று கேட்பேன். "ஜிலுஜிலுன்னு இருக்கு. கோயில்ல கூட்டமா?" என்பார். எனக்குச் சட்னியைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்குவதே வேலையாக இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கரண்ட் போனது. ஜன்னல் இல்லாத அறை. முடிந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் கதவைத் திறந்து வெளியே வந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் கணவர் மவுத் ஆர்கனைத் துடைத்துக்கொண்டிருந்தார். திடுக்கிடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தரிசனம் முடிஞ்சுதா?" என்றார்.

ட்ரம்பெட்காரர் அப்போது கடையில்தான் இருந்தார். அவர் சிரித்த சிரிப்பில் ஒரு கிடார் கம்பி அதிர்ந்தது.

"எப்பலேந்து தெரியும்?" என்றேன்.

"ரெண்டாவது வாரத்துலேந்து. உன் செருப்பு அந்தக் கதவுகிட்ட கிடந்துது. பிஞ்சதைத் தைச்சு வாங்கிட்டு வந்ததே நான்தானே?"

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வாசிப்பியா? அதுவும் இல்லாம, நீ அவசரப்படறேன்னு நேர்ல சொல்லிட்டு, ராத்திரி வீட்ல நிம்மதியா சாப்பிட முடியுமா?"

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது, அதனால் கோபம் இன்னும் அதிகமானது. நான் அவசரப்படவில்லை, நீங்கள்தான் இழுக்கிறீர்கள் என்றேன். இல்லவே இல்லை என்றார். கரண்ட் வந்த பிறகும் சண்டை ஓயவில்லை. கடைக்காரர் ஒரு சின்ன தாளக் கருவியைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். அது டிக் டிக் என்று அடிக்க, நாங்கள் வாசித்துக் காட்டினோம். நான் அவசரப்பட்டேன். அவர் இழுத்தார்.

"ரெண்டு பேருக்கும் தேவைப்படும். பேக் பண்ணட்டுமா?" என்றார் கடைக்காரர்.

வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஒரே ஸ்கூட்டரில் போகிறோம். ட்ரம்பெட்காரருக்குக் கல்யாணம் இல்லாத நாளென்றால் அவரும் சேர்ந்துகொள்கிறார். அவர் ஊதத் தொடங்கினால் எங்கள் இருவர் தப்பும் வெளியே கேட்பதில்லை.