கயலுக்கு வைத்த உல்லன் பூ

எனக்கு எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். ஞாபகமும் இப்போது முன்பின்னாகத்தான் வருகிறது. பிழை இருந்தால் மன்னிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்குப் புதிதாக ஆயா வேலைக்கு வரும் பெண்களுக்கு உதவும் என்று சொன்னார்கள், அதனால் எழுதுகிறேன்.

1. சீனப் பள்ளி

சிறுசேரியிலிருந்து கோவளம் போகும் வழியில் இருந்தது அந்தப் பள்ளி. காலை முதல் பிள்ளைகளிடம் சீன மொழியில்தான் பேசுவார்கள். பிள்ளை தமிழில் தண்ணீர் கேட்டால் திட்ட மாட்டார்கள், பதில் மட்டும் சீனத்தில் வரும். சிறுசேரி ஆபீஸ்காரர்களின் பிள்ளைகள்தான் அதிகம். டீச்சர் பெயர் லின். டீச்சருக்கு அவர்கள் பாஷையில் லாவ்ஷி என்று பெயர். நாங்களும் லின் லாவ்ஷி என்றே கூப்பிட்டோம்.

மாதத்துக்கு ஒரு தீம். மழை தீம் என்றால் பாட்டு, வொர்க்‌ஷீட், கதை எல்லாம் மழைதான். நிலாப் பண்டிகை மாதத்தில் எல்லாப் பிள்ளைக்கும் முயல் காது. அவர்களுடைய புது வருஷ மாதத்தில் சுவர், கதவு, உடுப்பு எல்லாம் சிவப்பு. கால் கழுவி விடுவது, ஊட்டுவது, நாப் டைமில் தட்டித் தூங்க வைப்பது என் வேலை. விழா வந்தால் கலர் பேப்பர் வெட்டி லாந்தர் ஒட்டவும் வேண்டும்.

2. டிரைவர் மகள்

கயல் எங்கள் வேன் டிரைவர் முருகனின் மகள். எல்கேஜி. அப்பா அங்கே வேலை செய்வதால் கரெஸ்பாண்டென்ட் மேடம் கொடுத்த சீட். புதுப் பாட்டு எது சொல்லிக்கொடுத்தாலும் முதலில் அவள் வாயில்தான் வரும். முருகன் கேட்டில் நின்று சிரிப்பான். "ஆயா, எம்பொண்ணு சைனாக்காரி ஆயிட்டா. வூட்ல அவ சோறு கேக்கறாளா, என்னத் திட்றாளான்னே தெரில."

புது வருஷ மாதத்தில் அவன் போய்விட்டான். வீட்டுக்குப் பைக்கில் போகும்போது பஸ் அடித்துவிட்டது. செய்தி வந்தபோது நாங்கள் லாந்தர் ஒட்டிக்கொண்டிருந்தோம். கையெல்லாம் சிவப்புச் சாயம்.

காரியம் முடிந்த மறுவாரம் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"ஆயா, செல்விகிட்ட நீங்க பேசுங்க. ஃபங்ஷனுக்குப் புது அட்மிஷன் பேரண்ட்ஸ் வராங்க. கயல் பாடணும். பாடினா யூகேஜி முடியற வரைக்கும் சீட் அவளுக்குத்தான்."

"பாடலன்னா மேடம்?"

"டிரைவர் பிள்ளைக்குன்னு குடுத்த சீட்டு. இப்போ புது டிரைவர் வந்துட்டாரே, ஆயா."

கயலின் அம்மா செல்வி வீட்டுக்குப் போனேன். முருகனின் அண்ணன் ஏழுமலை இருந்தான். மறைமலைநகரில் கம்பெனி வேலை. கேட்டதும் எகிறினான். "அப்பன் செத்து முப்பது கூட ஆவல, பாட்டா? வருஷம் திரும்பற வரிக்கும் பண்டிகையே கிடியாது எங்க வூட்ல. ஊரு இன்னா பேசும்?"

செல்வி மூலையில் உட்கார்ந்தபடி சொன்னாள். "அவரு ஆசப்பட்டு சேத்த ஸ்கூலு மாமா. அத்தயும் எடுத்துடாத."

அவன் எழுந்து முருகன் போட்டோ முன் விளக்கில் எண்ணெய் ஊற்றினான். பிறகு, "செவப்பு போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது. பாடினதும் நானே வந்து இட்டுகினு வந்துருவேன்" என்றான்.

3. விழா நாள்

லின் லாவ்ஷியின் போனில் ஒன்று உண்டு. நாம் பேசினால் அது அவர் பாஷையில் சொல்லும். அதில் நான் சாவு வீட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கயலுக்கு என்று மாட்டி வைத்திருந்த சிவப்பு கவுனை மடித்துப் பீரோவில் வைத்தார். கருநீல கவுன் ஒன்று எடுத்தார்.

விழாவன்று நான் தலை சீவி முடித்ததும், வெள்ளை உல்லனில் தானே பின்னிய சின்னப் பூ ஒன்றை எடுத்துக் கயல் தலையில் குத்தினார். "பூ வேணாம் லாவ்ஷி" என்று கையை ஆட்டினேன். அவர் விடவில்லை. "அப்பா, அப்பா" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அப்பா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்கிறார் என்று நினைத்தேன். அதற்குள் மேடம் மைக் எங்கே என்று கத்தினார்.

சிவப்புப் பிள்ளைகள் நடுவில் கருநீலத்தில் நின்று கயல் பிசகாமல் பாடினாள். கைதட்டல் அடங்கும் முன் ஏழுமலை மேடைக்கே வந்துவிட்டான்.

"இன்னா பூவு இது? எந்தம்பி வெந்த சூடு ஆறல, பூ வச்சி ஆட வுட்டுகினு கீறீங்களா?"

"சார், ஃபங்ஷன் நடக்குது, வெளிய வச்சிக்குங்க" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

ஏழுமலை பூவைப் பிடுங்கி எறிந்தான். கயலைத் தூக்கினான். அவள் அழவில்லை. "பெரியப்பா, இன்னும் ஒரு பாட்டு கீது" என்றாள். மேடம் அடுத்த பாட்டைப் போடச் சொன்னார்.

விழா முடிந்து நாற்காலி அடுக்கும்போது லின் லாவ்ஷி பூவை எடுத்துவந்தார். கண் சிவந்திருந்தது. போனில் பேசினார். போன் தன் கட்டைக் குரலில் சொன்னது: "இது அலங்காரம் அல்ல. எங்கள் ஊரில் தந்தை இறந்தால் மகள் இதை அணிவாள். இவளுக்குத் துக்கம் என்று மற்றவர்கள் அறிய வேண்டும்."

சிவப்பு கூடாது என்பது அவர்கள் ஊரிலும் அப்படியேதானாம்.

4. பிறகு

பூவை எடுத்துக்கொண்டு செல்வி வீட்டுக்குப் போனேன். ஏழுமலை முழுவதும் கேட்டான். தலையைக் குனிந்துகொண்டான்.

"இத்த மொதல்லியே வந்து சொல்லிருந்தா நானே வச்சி அனுப்பிருப்பனே ஆயா. இப்போ தெருவே பேசுது. ஒவ்வொருத்தன் வூட்டுக்கும் போயி வெளக்க முடியுமா? இனிமே அனுப்ப மாட்டேன்."

செல்வி எழுந்து வந்தாள். பூவை வாங்கி முருகன் போட்டோவில் செருகினாள். அவள் முதுகுக்குப் பின்னால் கயல் அந்த இரண்டாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் சீட் புது டிரைவர் மகனுக்குப் போனது. மாதம் மாறியதும் சிவப்பையெல்லாம் நான்தான் கிழித்தேன். அடுத்த தீம் பழங்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விழாவன்று பிள்ளை மேல் எது வைத்தாலும், எதற்கு என்று முதலில் கேளுங்கள். கேட்டதை அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் முன்னமே சொல்லிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகம். அப்பாவுக்கு என்றால் அந்தப் பூவை இடது பக்கம், அம்மாவுக்கு என்றால் வலது பக்கம் வைப்பார்கள் என்று லின் லாவ்ஷி சொன்னதாக ஞாபகம். நான் மாற்றிச் சொல்கிறேனோ என்னவோ, கேட்க அவரும் இப்போது தன் ஊருக்கே போய்விட்டார். அந்த ஊர் வழக்கம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சரியாகச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் என்று செல்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.