ரிமோட்டோடு திரும்பி வந்த அக்கா

அக்காவை அவள் மாமியார் வீட்டு லாரிதான் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது. ஆயுத பூஜை முடிந்த வாரம். தொப்பூர் கணவாய்க்குக் கீழே, பெரிய ரோட்டின் ஓரத்தில் அப்பா சாப்பாட்டுக் கடை நடத்தினார். மதியக் கூட்டம் இன்னும் கலையவில்லை. அக்காவிடம் பெட்டி இல்லை, பை இல்லை. துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று மட்டும் கையில் இருந்தது.

"இது வேலை செஞ்சா இதோட நானும் வரலாமாம்" என்றாள். "இல்லாட்டி ரெண்டும் இங்கியே கெடக்கட்டும்னு அத்த சொல்லிட்டாங்க."

துண்டைப் பிரித்தால், ரிமோட்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், குவைத்தில் வேலை பார்த்தார். கல்யாணத்துக்கு வந்தபோது கலர் டிவி, வீடியோ டெக், ஆளுயர ஸ்பீக்கர்களோடு ஒரு ஆம்ப்ளிஃபயர் எல்லாம் கொண்டுவந்தார். மூன்றுக்கும் தனித்தனி ரிமோட் இருந்தது. அவை போக நான்காவதாக இது. மற்ற மூன்றும் செய்கிற வேலையைச் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொண்டு, தானே மூன்றையும் இயக்கும்; குவைத் கடைக்காரரே சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார். மேலே சின்னதாக ஒரு திரை உண்டு. எந்தக் கருவியை இயக்குகிறது என்று அதில் எழுத்து வரும். காரிமங்கலம் பக்கத்தில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சாயங்காலமானால் மாமா பங்காளிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து இயக்கிக் காட்டுவார். குவைத் சம்பளம் வாங்கித் தராத மரியாதையை அது வாங்கித் தந்தது.

நான் அப்போதுதான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். "உன் தங்கச்சிதான் படிச்சிருக்காளே, போயி சரி பண்ணினு வா" என்று சொல்லித்தான் அக்காவை அனுப்பியிருந்தார்கள்.

நான் எதையும் வரிசை போட்டுத்தான் பார்ப்பேன். முதலில் வெளிப்புறம். ரிமோட்டின் முன்விளிம்பில், கதிர் வெளியே வருகிற கறுப்புக் கண்ணாடியின் மேலேயே, சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. துடைத்தேன். அடுத்து செல். புதிது போட்டேன், திரை எரிந்தது. ஆனால் அதில் எழுத்து எதுவும் இல்லை. பிறகு அக்காவைக் கேட்டேன். கீழே விழுந்ததா? தண்ணீர் பட்டதா? யாராவது திறந்தார்களா?

"பூஜையன்னிக்கு ஆயுதத்துக்கெல்லாம் ஓய்வு குடுக்கணும்ல" என்றாள். "லாரி சாவிய எடுத்து சாமிகிட்ட வெச்சாங்க. இதுக்கும் செல்ல கழட்டி வையின்னு அத்த சொன்னாங்க. கழட்டி வெச்சேன். மறுநாள் போட்டா உசுரு இல்ல."

அவ்வளவுதான் விஷயம். செல் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். ஒரு ராத்திரி ஓய்வில் கற்றதையெல்லாம் மறந்துவிட்டது. பழைய ரிமோட்டுகளை எதிரே வைத்து மறுபடி சொல்லிக்கொடுத்தால் போதும். அவை அந்த வீட்டில் இருந்தன.

"அப்ப இவ மேல தப்பில்லன்னு ஆயிடுச்சு" என்றார் அப்பா. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

மறுநாள் அம்மாவும் அக்காவும் நானும் போனோம். காரிமங்கலத்தில் சந்தை நாள். பஸ்ஸில் கோழிக் கூடைகளுக்கு நடுவில் நின்றபடியே அக்கா தலையைச் சரிசெய்து பூ வைத்துக்கொண்டாள்.

அத்தை சோபாவில் உட்கார்ந்திருந்தார், இன்னும் லீவு முடியாத மாமா பக்கத்தில். அம்மாவுக்குப் பாய் போட்டார்கள். பீரோவிலிருந்து மூன்று ரிமோட்டுகளும் வந்தன, இன்னும் பிளாஸ்டிக் உறை போட்டபடியே.

"என்னாச்சு அதுக்கு?"

"செல்ல கழட்டினா கத்துக்கிட்டது மறந்துடும் அத்தை. பூஜைக்குக் கழட்டினதுல போயிருக்கு. வேற கோளாறு இல்ல."

"கழட்டுனது யாரு?"

"நான்தாங்க" என்றாள் அக்கா.

"கேட்டுக்குங்க சம்பந்தி. உங்க பொண்ணு வாயாலயே வருது."

"நீங்க சொன்னதாலதான் கழட்டினா" என்றாள் அம்மா, தரையைப் பார்த்து.

"நான் சொன்னா? கெணத்துல குதின்னா குதிச்சிடுவாளா?"

"குதிப்பாம்மா" என்றார் மாமா. "சேல நனையுமான்னு கேட்டுட்டு குதிப்பா."

அத்தை சிரித்தார். அக்காவும் சிரிக்கப் பார்த்தாள்.

நான் தரையில் துண்டு விரித்து, ரிமோட்டுகளை மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி வைத்து ஆரம்பித்தேன். முதலில் டிவி, பிறகு டெக், கடைசியாக ஆம்ப்ளிஃபயர். இதில் ஒரு பொத்தானை அழுத்தி, பழையதில் அதே வேலைக்கான பொத்தானை அழுத்திப் பிடித்தால், திரையில் 'சரி' என்று குறி வரும். மாமா பக்கத்தில் குந்தி ஒவ்வொன்றையும் விசாரித்தார். "இதுக்கு எதுக்கு இவ்ளோ கிட்ட வெக்கறீங்க? வெயில் பட்டா கத்துக்காதுங்களா?" என்னை நீங்க என்றார். அக்காவை ஏ என்றுதான் கூப்பிடுவார்.

அதற்குள் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. காபி கொண்டுவந்து என் பக்கத்தில் வைக்கக் குனிந்தாள்.

"அங்க வெக்காத" என்றார் அத்தை. "மறுபடி எதாச்சும் ஆயிடப் போவுது."

டம்ளரைக் கையில் பிடித்தபடியே, நான் முடிக்கும்வரை கதவோரம் நின்றாள்.

முடித்தேன். மாமா வாங்கிச் சோதித்தார். படம் வந்தது, கேசட் ஓடியது, ஸ்பீக்கர் அதிர்ந்தது. அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பொண்ணைக் கேட்டிருக்கணும் நாம. அவசரப்பட்டுட்டோம்."

சந்தையில் கத்திரிக்காய் வாங்கிவிட்டு அடுத்த கூடையைப் பார்க்கிறவர் மாதிரிச் சொன்னார். மாமா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

அம்மா எழுந்தாள். "அப்ப பொண்ண விட்டுட்டு நாங்க கெளம்பறோம்."

"எதுக்கு? தலதீபாவளி வருது. உங்க வூட்ல கொண்டாடறதுதானே வழக்கம்? இங்க வந்துட்டு மறுபடி போவானேன். அங்கியே இருக்கட்டும். பையன் அன்னிக்கு வருவான்."

வழக்கத்தை எதிர்த்து யார் பேச முடியும்? அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வருவீங்கல்ல?" என்று மாமாவைக் கேட்டாள்.

"பாக்கலாம்" என்றார், ரிமோட்டை டெக்கை நோக்கிப் பிடித்தபடி.

பஸ் தர்மபுரி தாண்டியது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே கேட்டாள்.

"உன்ன யாரு அவ்ளோ சீக்கிரம் முடிக்கச் சொன்னது?"

"முடிச்சாத்தானே உன்ன சேத்துக்குவாங்க."

"பாதிதான் ஆச்சு, நாளைக்கும் வரணும்னு சொல்லியிருந்தா நான் நாளைக்கு வரைக்கும் அங்க இருந்திருப்பேன்."



தீபாவளிக்கு அம்மா மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்து மஞ்சள் தடவி வைத்தாள். அவர் வரவில்லை. அடுத்த வாரம் மதியக் கூட்ட நேரத்தில் அவர்கள் லாரி வந்து கடை முன்னால் நின்றது. அப்பா ஓடிப்போய் மூலை மேசையைத் துடைத்து இலை போட்டார். டிரைவரும் இரண்டு ஆட்களும் மட்டும் இறங்கினார்கள். பின்கதவைத் திறந்து கட்டில், மெத்தை, பீரோ, மிக்ஸி, குத்துவிளக்கு, பித்தளை அண்டா, எவர்சில்வர் பாத்திர மூட்டை, அக்காவின் துணிப்பெட்டி என்று ஒவ்வொன்றாக இறக்கினார்கள். நாங்கள் கொடுத்த சீரில் ஒன்றுகூடக் குறையவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சோற்றில் கை வைத்தபடியே பார்த்தார்கள்.

"மாப்பிள்ள?" என்றாள் அம்மா.

"நேத்தே பம்பாய் போயிட்டாருங்க. அங்கேருந்து பிளேனு" என்றார் டிரைவர். பல வருஷமாக எங்கள் கடையில் சாப்பிடுகிறவர். அக்காவைப் பாவாடைச் சிறுமியாகப் பார்த்தவர். இப்போது அவள் பக்கம் திரும்பவில்லை.

பீரோ எங்கே, கட்டில் எங்கே என்று ஆட்களுக்கு இடம் காட்டியது அக்காதான். அவள் குரலில் எந்த மாற்றமும் இல்லை. எல்லாம் உள்ளே போனதும் டிரைவர் கை கழுவிவிட்டு அப்பா போட்டிருந்த இலை முன்னால் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்.

"எறக்கத்துல மெதுவாத்தான் வந்தேம்மா" என்றார் பொதுவாக. "எதுலயும் ஒரு கீறல் விழல."

அக்கா சோற்றுக் கூடையை எடுத்துவந்து அவருக்குப் பரிமாறினாள். அடுத்த இலைக்கும் போட்டாள். அன்று முதல் கடையில் அந்த வேலை அவளுடையதாயிற்று.