நகரத்தோடு கைகுலுக்கிய படிக்கட்டு

கட்டட வரைபட அலுவலகத்தில் அவரை எல்லாரும் ‘ரப்பர்’ என்றே அழைத்தார்கள். கணினி வந்து எத்தனையோ காலமாகியும் பெயர் மட்டும் அழியவில்லை. வரைந்ததை வரைந்தபடி விட்டுவைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. வீட்டில் கட்டிலைக்கூட அடிக்கடி திசை மாற்றிப் போடுவார். அவர் மனைவி இருட்டில் இடித்துக்கொள்ளாத கால்விரல் பாக்கியில்லை. அலுவலகத்தில் எதையாவது மாற்ற யோசித்து அவர் தொடை ஆடினால் பக்கத்து மேசைத் தேநீர் தளும்பும்.

இப்பேர்ப்பட்ட மகானிடம்தான், கரையோரம் எழவிருந்த கலைக்கூடத்தின் படிக்கட்டு ஒப்படைக்கப்பட்டது.

“கட்டடம் தண்ணியப் பாத்து நிக்குது. அதுக்காக ஊருக்கு முதுகக் காட்டக் கூடாது. ஊரோட கைகுலுக்கணும்,” என்றார் முதலாளி.

ரப்பர் கையை நீட்டினார். கடைத்தெருவரை நீண்ட அந்த அகலமான படிக்கட்டு நேரே போய் இறங்கிய இடம், அவருடைய மச்சானின் சைக்கிள் கடை. வரைபடத்தில் அது ஒரு சாம்பல் நிறக் கட்டம். வீட்டில் அது மனைவியின் ஒரே தம்பி.

“அவன் கடைய இடிச்ச கையால இந்தக் கதவத் தட்டாதீங்க,” என்றாள் மனைவி.

மறுநாள் படிக்கட்டை இடப்பக்கம் நகர்த்தினார். முதலாளியின் சட்டைகளை வெளுக்கும் சலவைக்கடை நசுங்கியது. வலப்பக்கம் நகர்த்தினார். கலைக்கூடக் குழுத் தலைவியின் சித்தப்பா நடத்தும் மருந்துக்கடை. நகரத்தில் இருக்கும் பெரிய குறையே இதுதான்: எங்கே கைவைத்தாலும் யாராவது இருந்து தொலைக்கிறார்கள்.

மச்சான் தொலைபேசியில் கேட்டான்: “மாமா, நான் இன்னும் இருக்கேனா?”

“காலைல இல்ல. இப்ப இருக்கே. எதுக்கும் சாயங்காலம் கேளு.”

குழு கூடிய நாளில்தான் ரப்பர் கடைசியாகச் செய்த மாதிரியை முதலாளியே முதன்முறையாகப் பார்த்தார். படிக்கட்டு சைக்கிள் கடைவரை வந்து, இரண்டாகப் பிரிந்து ஒடுங்கி, இருபக்கச் சந்துகள் வழியே கடையைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கியது.

“நடுவுல என்ன இது?” என்றார் தலைவி.

முதலாளி கண்ணிமைக்கவில்லை. “அதுதாங்க எங்க கருத்தே. ஊரோட வாழ்க்கைதான் முதல் காட்சிப்பொருள்.”

கைதட்டல் எழுந்தது. தலைவி நெகிழ்ந்துபோய் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: காட்சிப்பொருளில் ஒரு ஆணியைக்கூட மாற்றக் கூடாது.

செய்தி கேட்ட மச்சான் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தான். “தகரக் கூரை ஒழுகுது மாமா. அடுத்த மாசம் மாத்தலாம்னு இருந்தேன். மழைல நனைஞ்சுக்கிட்டே பஞ்சர் ஒட்டணுமா? அதுக்கும் கைதட்டுவாங்களா?”

மனைவி கணவரைப் பார்த்தாள். ரப்பரின் தொடை ஆடத் தொடங்கியது.

“படிக்கட்டுக்கு ஒரு நிழற்கூரை போடலாம். அத அப்படியே கொஞ்சம் நீட்டி உன் கடைக்கு மேலயும் கொண்டுவந்துடறேன். கடைல யாரும் கைவைக்கலியே!”

மச்சான் முகம் மலர்ந்தான். மனைவி மட்டும் யோசித்தாள்.

“சரி, அந்தக் கூரைத் தண்ணி எந்தப் பக்கம் விழும்?”

இடப்பக்கம் சலவைக்கடை. வலப்பக்கம் மருந்துக்கடை. ரப்பர் எழுந்துபோய்க் கட்டிலை நகர்த்தினார்.