நோயாளியாகப் படுக்க முன்வந்த ஜெசிந்தா

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு வேலைக்குப் போகும் காலைப் பேருந்தில் இருந்தேன். சாலையில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு ஓட்டுநர் வண்டியை நிறுத்தியிருந்தபோது கைப்பேசி அடித்தது. நான் நர்சாக இருக்கும் வார்டில் பயிற்சிக்கு வரும் மாணவி பிரியா. “மேடம், ஜெசிந்தா மேடம்…” என்றாள். “எப்ப?” என்று கேட்டேன். “இப்பதான் மேடம். தூக்கத்துலயே.” பக்கத்து இருக்கைக்காரர், “என்னம்மா, வீட்ல யாருக்காவதா?” என்றார். “என்கூடப் படிச்சவ” என்றேன். முதல் நாள் மாலைதான் அவளைத் தூங்க வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தேன்.

பேருந்து நகர்வதற்குள் நாம் ஒன்றாகப் படித்த நர்சிங் வகுப்பின் வாட்ஸப் குழுவில் செய்தி பரவிவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்கள்கூட உடனே எழுதினீர்கள். “வலியில்லாத இடத்துக்குப் போய்விட்டாள்” என்று ஒருத்தி எழுத, மற்றவர்கள் கைகூப்பும் படங்களைப் போட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவளுக்கு எவ்வளவு வலி இருந்தது என்று அவள் கட்டிலருகே மாதக்கணக்கில் நின்ற எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கோபம் ஆறிய பிறகு இதை எழுதுகிறேன். முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டில் நம் செயல்முறை வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். செய்து பழக வகுப்புக்கே ஒரு நோயாளிப் பொம்மைதான். அதுவும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்தால் மட்டும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அதனால் நம்மில் யாராவது ஒருத்தி நோயாளியாகக் கட்டிலில் படுக்க வேண்டும். நமக்கெல்லாம் கூச்சம், தலையைக் குனிந்துகொள்வோம். “நான் படுத்துக்கிறேன் மேடம்” என்று ஜெசிந்தா கையைத் தூக்குவாள். வகுப்பிலேயே தூங்குவதற்கு நல்ல வழி கண்டுபிடித்துவிட்டாள் என்று கேலி செய்தது நான்தான்.

ஆனால் அவள் சும்மா படுக்க மாட்டாள். ஒவ்வொரு முறையும் வேறு யாராகவோ மாறிவிடுவாள். ஒரு நாள் வேதாரண்யம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணாகப் படுத்திருந்தாள். நான் உடம்பு துடைத்துவிட வேண்டும். “காலைத் தூக்கப் போறேம்மா, வலிக்குதா?” என்றேன். “இல்லம்மா.” தூக்கினேன். “இப்ப?” “இல்லம்மா, நீங்க உங்க வேலையப் பாருங்க.” புத்தகத்தில் உள்ளபடி எல்லாம் செய்து முடித்து நிமிர்ந்தால், ஆசிரியை என்னைத் திட்டினார். “நீ காலைத் தூக்கினதுலேருந்து அவ மூச்சே விடல. பாத்தியா நீ?” எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வலிக்கலன்னு அவதானே மேடம் சொன்னா!” என்று கத்திவிட்டேன். ஜெசிந்தா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தலைமுடியை முடிந்துகொண்டே சொன்னாள்: “நம்ம பக்கத்துல வலிக்குதான்னு கேட்டா இல்லன்னுதான்டி சொல்லுவாங்க. என்ன செய்ய முடியலன்னு கேளு. அப்பத்தான் தெரியும்.”

இது அவள் வீட்டிலேயே கற்றுக்கொண்டது. “எங்கம்மாவுக்குக் குடல்வால் வெடிக்கிற நெலம. அன்னிக்கும் நடவுக்குப் போயிட்டு வந்து, லேசா இழுக்குதுன்னாங்க” என்று பின்னொரு நாள் விடுதியில் துணி துவைக்கும்போது சொன்னாள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

இரண்டாமாண்டில் நிஜமான வார்டுக்கு அனுப்பினார்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எவ்வளவு என்று எல்லா நோயாளிகளையும் கேட்க வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்து வந்திருந்த ஒரு பெரியவர், நெல்லுக்கு விலை பேசுகிறவர்போல, “நீங்க எவ்வளவு போடுவீங்க?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். நான் வாய்விட்டுச் சிரித்து இரண்டு என்று எழுதப் போனேன். ஜெசிந்தா குறுக்கே வந்து, “ராத்திரி எந்தப் பக்கம் ஐயா திரும்பிப் படுத்தீங்க?” என்றாள். “எங்கேம்மா திரும்புறது? அப்படியே கெடந்தேன்” என்றார். பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டு மருந்தைக் கூட்டினோம்.

படிப்பு முடிந்ததும் நான் மருத்துவமனைக்கு வந்துவிட்டேன். அவள் மேற்படிப்பு படித்து ஆசிரியை ஆனாள். அவள் கல்லூரியில் இப்போது விதவிதமான பொம்மைகள் இருக்கின்றன. மூச்சு விடுகிற பொம்மைகூட உண்டு. ஆனாலும் முதலாண்டு வகுப்புக்கு அவளே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வாள் என்று கேள்விப்பட்டு, இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டேன். “அந்தப் பொம்மை பொய் சொல்லாதுடி. நோயாளி சொல்லுவாங்க” என்றாள்.

கர்ப்பப்பையில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்தபோது, எங்கள் வார்டில்தான் சேர்ந்தாள். முதல் நாளே, “வாங்க ஸ்டாஃப் நர்ஸ் அம்மா, மெத்தைய நல்லாத் தட்டிப் போடுங்க” என்று அதிகாரம் செய்தாள். வலி எவ்வளவு என்று கேட்டால் தினமும் ஒரே பதில்: “ரெண்டு போட்டுக்க.” வலி மருந்தான மார்ஃபினைக் கூட்டலாம் என்று டாக்டர் சொன்னபோதெல்லாம் தள்ளிப்போட்டாள். அவளுடைய மாணவிகள் அந்த வார்டுக்குத்தான் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார்கள். “நான் தூங்கிட்டா இதுங்களுக்கு யாருடி பாடம் எடுக்கறது?” என்பாள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், அவள் கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பாவம், “என் பேச்சை என்னிக்குங்க கேட்டிருக்கா?” என்றார்.

ஒரு நாள் காலை பிரியாவும் இன்னொரு பெண்ணும் அவளுக்கு உடம்பு துடைக்க வந்தார்கள். ஜெசிந்தா உடனே ஒரு ரைஸ்மில் முதலாளியின் மனைவியாகிவிட்டாள். “யாரு வீட்டுப் பொண்ணு நீ? கை இப்படிச் சில்லுன்னு இருக்கு! தொடாத போ” என்று விரட்டினாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அவளை ஒருக்களித்துத் திருப்பினார்கள். அப்போது அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அது ரைஸ்மில் முதலாளி மனைவியின் குரல் இல்லை. எனக்குத் தெரிந்த ஜெசிந்தாவின் குரலும் இல்லை. பிள்ளைகள் வெலவெலத்துப் போனார்கள். அடுத்த நொடியே அவள், “பயந்துட்டீங்களா? முதுகுக்குத் தலகாணி வைக்காம திருப்பினா நோயாளி இப்படித்தான் கத்துவாங்க. எங்க தலகாணி?” என்றாள். அவர்கள் நிம்மதியாகச் சிரித்து, தலையணை எடுக்க ஓடினார்கள். “நடிச்சியா?” என்று அவள் காதருகே கேட்டேன். “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் என்னை விடவில்லை. சோறு வடிக்கும்போதும் பேருந்தில் கண் அசரும்போதும் கேட்கிறது.

கடைசி நாள் மாலை என் வேலை முடிந்து அவளிடம் போனேன். கணவர் காபி வாங்கப் போயிருந்தார். அவள் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டேன்: “இன்னிக்கு என்னடி செய்ய முடியல?” “உன்கூடச் சண்டை போட முடியல” என்றாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பேருக்கு ஊசி போட்டு, கட்டு மாற்றி, தேற்றி அனுப்பியவள் நான். என் தோழிக்குச் செய்ய ஒன்றுமே இல்லாமல் மரம்போல் நின்றேன். கண் கலங்கியதை மறைக்கவும் தெரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், “கலா, வலிக்குதுடி” என்றாள்.

நான் ஓடினேன். டாக்டரைப் பிடித்து, மருந்தைக் கூட்டி எழுத வைத்து, நானே ஊசி போட்டேன். முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை வைத்தேன். உதட்டை ஈரப்படுத்தினேன். சற்று நேரத்தில் அவள் முகம் தளர்ந்து தூங்கிவிட்டாள். ஒருவழியாக உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷமாக ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது பிரியா என் பக்கத்தில் நடந்து வந்தாள். “அன்னிக்கு நாங்க திருப்பினப்ப மேடம் நடிக்கத்தானே செஞ்சாங்க?” என்று கேட்டாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “தெரியலம்மா” என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள். தோளைப் பிடித்துக்கொண்டு சாலைவரை கூட்டி வந்தேன்.

அந்தக் கட்டிலில் இப்போது வேறொரு அம்மா இருக்கிறார். வலிக்குதா என்று கேட்டால், “இல்லம்மா” என்கிறார். குரல் ஜெசிந்தாவுடையதாகத்தான் என் காதில் விழுகிறது. அவர் கட்டிலைவிட்டு அவ்வளவு எளிதில் என்னால் நகர முடிவதில்லை.

உங்களில் பலரிடம் அவளுடைய படங்கள் இருக்கின்றன, பகிர்ந்துகொள்கிறீர்கள். நான் வைத்திருப்பது அந்த மாலை அவள் சொன்ன ‘வலிக்குது’ என்ற ஒரே வார்த்தையை. அதைச் சொன்னபோது அவள் முகம் சுளிக்கவில்லை. மூச்சு சீராகத்தான் இருந்தது. சொல்லுமுன் அவள் பார்த்தது, கம்பியைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்த என் கைகளை. அவளுக்கு வலித்ததா, அல்லது அந்தக் கைகளுக்குச் செய்ய ஒரு வேலை கொடுத்தாளா? தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.