சிரிச்சமுகத்தாரின் சம்சாரம்

தன் புருஷனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதையே தையல்காரி அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருத்தி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே ஆரம்பித்தாள்.

"குடுத்து வெச்சவங்கக்கா நீங்க. தண்ணி ஆபீஸ்ல உங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன். என்ன சிரிச்ச முகம்! சண்டை போடணும்னு போன எனக்குக் கோபமே போயிடுச்சு."

தையல்காரி வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "நீங்க வேற யாரையாவது பார்த்திருப்பீங்க" என்றாள்.

வேறு யாரும் இல்லை, அவரேதான். தண்ணீர் ஆபீசில் புகார் கவுண்டரில் உட்காரும் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தி, மகளையும் கட்டிக்கொடுத்து, பேரனும் பிறந்தாயிற்று. கல்யாணப் போட்டோவிலேயே அவர் பல்வலி வந்தவர் மாதிரிதான் நிற்பார். போட்டோக்காரர் கெஞ்சிக் கூத்தாடிப் பார்த்துவிட்டு, கடைசியில் "பொண்ணாவது சிரிக்கட்டும்" என்று விட்டுவிட்டார். அவள் சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் சிரிக்கிற வேலை அவள் தலையில் விழுந்தது.

இந்தக் கல்லுளிமங்கனுக்குச் சிரிப்பு வந்த கதை தனி. ஆபீசில் எல்லோரையும் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தார்கள். முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரியுங்கள், அவருக்கும் மனசு லேசாகும், உங்களுக்கும் ரத்தக்கொதிப்பு குறையும் என்று டை கட்டிய ஒருவர் வந்து சொன்னார். சொன்னதில் தப்பொன்றும் இல்லை. நம்மவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மறுநாள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எகிறிக்கொண்டு வந்த ஆளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். வந்தவர் வெலவெலத்துப் போய், தானும் சிரித்து, புகாரைச் சொல்லாமலே வீட்டுக்குப் போய்விட்டார். தண்ணீர் வரவில்லை. புகாரும் வரவில்லை. ஆபீசுக்கு வேறென்ன வேண்டும்? குழாயைப் பழுதுபார்க்க ஆள் தேடுவதைவிட இவரைச் சிரிக்க விடுவது சுலபம் என்று மேலதிகாரி கண்டுகொண்டு, கூப்பிட்டுக் கைகொடுத்தார்.

அதற்குப் பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குச் சிரிப்பு, மருந்துக்கடையில் நிற்பவருக்குச் சிரிப்பு, இடித்துவிட்டுப் போனவருக்கும் சிரிப்பு. 'சிரிச்சமுகத்தார்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர் அந்தச் சிரிப்புக்காகவே இல்லாத புகாரை எல்லாம் உண்டாக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு அது மருந்தாக இருந்தது என்பது நிஜம். அது தையல்காரிக்கும் தெரியும். அதனால்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்குள் நுழைகிறபோது அந்த முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் சிரிக்கிறீங்களாமே?"

"அது ஆபீஸ் வேலை."

"பஸ்ல சிரிக்கிறதும் ஆபீஸ் வேலையா?"

"அவங்க எல்லாம் யாரோ எவரோ. சிரிச்சாத்தான் மரியாதை. நீ வீட்டு மனுஷிதானே, உன்கிட்ட எதுக்கு நடிக்கணும்?"

அவள் நடிக்கச் சொல்லவில்லை. தன்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை சிரித்தால் போதும் என்றிருந்தது. பேரன் எடுத்த வயதில், சொந்தப் புருஷனிடம் இதற்குப் போய் ஏங்குகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த வாரம் அடுப்படிக் குழாய் நின்றுபோனது. சொன்னாள். "பார்க்கலாம்" என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மறுநாள் அவள் தலையை வாரி, இருப்பதில் நல்லதாக எடுத்து உடுத்திக்கொண்டு, நேரே தண்ணீர் ஆபீசுக்குப் போய் டோக்கன் எடுத்து உட்கார்ந்தாள்.

தூரத்திலிருந்து பார்த்தாள். அடேயப்பா! அந்த மனிதருக்குச் சிரித்தால் ஒரு கன்னத்தில் குழி விழுகிறது. இத்தனை வருஷமாக அவளுக்கு அது தெரியாது. கத்திக்கொண்டு வந்தவருக்கும் விழுந்தது, மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தவளுக்கும் விழுந்தது, ஆபீஸ் மாறி வந்தவருக்குக்கூட விழுந்தது. அவள் முறை வந்தது.

அவர் எதிலோ முத்திரை குத்திக்கொண்டே, "வாங்கம்மா, உக்காருங்க" என்று சிரிப்போடு நிமிர்ந்தார். குழி பாதி விழுந்தது. ஆள் யாரென்று தெரிந்ததும் மீதி விழவில்லை.

"நீ எதுக்கு இங்க வந்தே? வீட்டைப் பூட்டினியா?"

"பூட்டினேன். டோக்கனும் எடுத்திருக்கேன்."

"என்ன வேணும் உனக்கு?"

"எனக்கு முன்னாடி வந்தவங்களுக்கெல்லாம் குடுத்தீங்களே, அதுதான்."

வரிசையே காதைத் தீட்டிக்கொண்டது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நாலு பேர் முன்னால் மானம் போகிற விஷயம், முயற்சி பண்ணித்தான் பார்த்தார். உதடு ஒரு பக்கம் இழுத்தது, புருவம் ஒரு பக்கம் போனது. பக்கத்துக் கவுண்டர் பெண் பதறிப்போய், "சார், நெஞ்சு வலிக்குதா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பாவம், தெரிந்தவரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்று வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"விடுங்க. சுளுக்கிக்கப் போகுது" என்று அவள் எழுந்துகொண்டாள். அடுத்த டோக்கன்காரர் வந்து உட்கார்ந்தார். அவருக்கு உடனே குழி விழுந்தது.

வழியெல்லாம் அவளுக்கு அழுகையாக வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அது ஆத்திரமாகிவிட்டது. மெஷினில் உட்கார்ந்தால் தையல் கோணல்மாணலாக ஓடியது. பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவர் வந்து கதவைத் தட்டினார். அவள் திறந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு, முகமெல்லாம் மலர, நிறையச் சிரித்தாள்.

"வாங்க சார், வாங்க. யாரைப் பார்க்கணும்?"

"என்ன கூத்து இது? வழியை விடு."

"எங்க வீட்டுக்காரரைப் பார்க்க வந்தீங்களா? அவர் வெளியில இருக்காருங்க. ரொம்ப நல்ல மனுஷன்னு சொல்லிக்கிறாங்க. எல்லார்கிட்டயும் சிரிச்சு சிரிச்சுப் பேசுவாராம்."

"உனக்கென்ன பைத்தியமா?"

அவள் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை.

"இல்லீங்க. எனக்கு அவரை அவ்வளவாப் பழக்கமில்ல."