சைமாவின் கேமராவில் சாய்ந்த கடல்

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் கல்யாணமோ கோயில் திருவிழாவோ, மேலிருந்து படம் பிடிக்க வேண்டுமென்றால் சைமாவைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டூடியோக்கார சாவியோவிடம் ஆல்பம் ஒட்டும் வேலைக்குப் போனவள், அவனுடைய டிரோனைப் பறக்கவிடப் பழகி, அதையே தொழிலாக்கிக்கொண்டாள். கை நடுங்காது, அவசரப்படவும் மாட்டாள். புருஷன் ஃபர்ஹான் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டினான். இருவரும் விம்கோ நகரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். கீழே வீட்டுக்காரர் ஆசீர்வாதமும் அவர் மனைவி சிலுவையம்மாளும்.

ராயபுரத்தில் மாதா சப்பரத்தைப் படம் பிடித்துக் கொடுத்த மறுநாள் சாவியோ போன் செய்தான்.

"சப்பரம்லாம் சூப்பரா வந்துகீது சைமா. ஆனா கடலு சாஞ்சிகினு கீது."

போட்டுப் பார்த்தாள். உண்மைதான். கோபுரத்துக்குப் பின்னால் கடல் இடப்பக்கமாக இறங்கியிருந்தது. படகுகளெல்லாம் ஒரு மூலைக்கு வழுக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது.

முதலில் லென்ஸைச் சந்தேகப்பட்டாள். லென்ஸ் கோளாறென்றால் நேர்கோடுகள் படத்தின் ஓரத்தில் வில்லாக வளையும். குளியலறை டைல்ஸ் சுவருக்கு நேரே கேமராவைப் பிடித்தாள். ஓரக் கோடுகள்கூட ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல இருந்தன. மிச்சமிருந்தது கிம்பல். டிரோன் எப்படிச் சாய்ந்தாலும் கேமராவைச் சமமாகத் தாங்கிப் பிடிக்கும் சின்னக் கை அது. டிரோனை அறைத் தரையில் வைத்து, அந்தத் தரையையே மட்டமாகக் கொண்டு கேமராவைச் சமன் செய்துகொள்ளும்படி திரையில் தட்டினாள். தூக்கம் கலைந்தவனைப்போல கேமரா மேலும் கீழும் தலையாட்டி நின்றது. திரையில் ஜன்னல் நேராக இருந்தது, நிலைப்படி நேராக இருந்தது. பீரோ மட்டும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து தெரிந்தது. பழைய பீரோதானே என்று விட்டுவிட்டாள்.

எண்ணூர் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டாள். கடல் சாய்ந்தது. அதே பக்கம், அதே அளவு. வீட்டில் மறுபடி சரி செய்தாள். வீட்டில் நேர், கடலில் கோணல். எத்தனை தரம் செய்தாலும் அப்படியே. காத்து கருப்பு எதுனா அடிச்சிருக்கும் என்று ஃபர்ஹான் கிண்டல் செய்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பழுதான சாமான் நாளுக்கொரு விதமாகத்தான் படுத்தும். இதுவோ சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னது.

ஒரு காலையில் மீன் ஏலக்கூடத்துச் சிமென்ட் மேடையில் ஒரு மூடியில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, அங்கேயே கிம்பலைச் சரி செய்தாள். கடல் அடங்கிப் படுத்தது. அப்பாடா என்று வீடு திரும்பினாள். கதவைத் திறந்து, டிரோனைக் கையில் பிடித்தபடி சும்மா ஒருமுறை திரையைப் பார்த்தாள்.

ஜன்னல் சாய்ந்திருந்தது. நிலைப்படியும் சுவரும் சாய்ந்திருந்தன. ராத்திரி டூட்டி முடித்துப் பாயில் தூங்கிக்கொண்டிருந்த ஃபர்ஹான், அலையில் ஏறும் படகில் படுத்தவன்போலத் தலை தாழ்ந்து கிடந்தான். பீரோ மட்டும் நட்டுவைத்ததுபோல நேராக நின்றது.

கண்ணை எடுத்தால் எல்லாம் சரியாக இருந்தது. திரையைப் பார்த்தால் வீடு சரிந்தது.

தானாகத் திறந்துகொள்ளும் அறைக்கதவு நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் மட்டும் தடித்துப்போகும் தோசை. விடியும்போது இருவரும் ஒரே சுவரோரம் ஒட்டிக் கிடப்பது. அதை அவள் பிரியம் என்றுதான் எண்ணியிருந்தாள்.

ஃபர்ஹானை எழுப்பினாள். அவன் நம்பாமல் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தான். அது கொஞ்சம் யோசித்துவிட்டு மெல்ல உருண்டு சுவரில் முட்டி நின்றது. காய்ச்சல் பார்ப்பதுபோல அவன் தரைமேல் உள்ளங்கையை வைத்தான். பிறகு குனிந்து பீரோவின் அடியைப் பார்த்தான். தாழ்ந்த பக்கத்துக் கால்களின் கீழ் இழைத்து வைத்த மரக்கட்டைகள் இருந்தன. அவர்கள் வைத்தவை அல்ல.

இருவரும் கீழே இறங்கினார்கள். ஆசீர்வாதம் ரயில் பெட்டி பழுதுபார்க்கும் பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டுக்குள் சைமா அன்றுதான் உள்ளறை வரை போனாள். கட்டில், மேசை, மாதா பீடம், எல்லாவற்றின் காலடியிலும் கட்டைகள். ஒரு ஓரத்தில் மெல்லிசு, மறு ஓரத்தில் கையகல உயரம். சாமான்களெல்லாம் நேராக நிற்க, தரை மட்டும் அவற்றுக்கடியில் சரிந்துகொண்டே போயிற்று. பக்கவாதத்தில் விழுந்த சிலுவையம்மாள் கட்டிலில் படுத்தபடி இவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆசீர்வாதம் அவர்களைக் கொல்லைப்புறம் அழைத்துப்போனார். மறைக்கவில்லை. குளத்தைத் தூர்த்துக் கட்டிய இடம், மழைக்கு மழை கொஞ்சம் இறங்குகிறது என்றார். ஒவ்வொரு முறையும் தான் கட்டையை மாற்றி மாற்றி வைப்பதாகச் சொன்னார்.

"எங்க பீரோவுக்கு யாரு அங்கிள் வெச்சது?" என்றாள் சைமா.

அவசரத்துக்கென்று கொடுத்து வைத்திருந்த சாவி அவரிடம்தான் இருந்தது.

"நான்தாம்மா. நீங்க வேலைக்கி போன நேரத்துல. பீரோ சாயறது கண்ணுக்கு தெரிஞ்சா பயந்துக்குவீங்கோன்னு."

ஃபர்ஹானுக்குக் கோபம் தலைக்கேறியது. இன்னா நெனச்சிகினு கீற, நாங்க செத்தா கட்டை வந்து காப்பாத்துமா என்று சத்தம் போட்டான். கிழவர் உள்ளறைப் பக்கம் கையைக் காட்டி, மெதுவாகப் பேசச் சொன்னார்.

"வூடு சாயுதுன்னு தெரிஞ்சா அவ இன்னிக்கே போயிடுவா, நைனா."

அன்றே துணிமணிகளை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் ஃபர்ஹானின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் சைமா மட்டும் திரும்பி வந்து, தெருவில் நின்று டிரோனை ஏற்றினாள். பின்னால் கடல் கோடு கிழித்ததுபோல நிற்க, முன்னால் வீடு பக்கத்துக் காலி மனையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆசீர்வாதத்திடம் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இத்த நேரா காட்ட முடியாதாம்மா?"

முடியும். திரையில் ஒரு விரலால் நகர்த்தினால் வீடு நிமிர்ந்துவிடும், கடல்தான் சாயும். சைமா டிரோனை இறக்கினாள். ராயபுரத்தில் இருந்த அவர் மகள் ஜானட்டுக்கு அந்தப் படத்தை அனுப்பினாள். மகள் அன்று சாயங்காலமே வண்டி பிடித்து வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் சிலுவையம்மாளை அப்பாவும் மகளுமாகத் தூக்கிப்போனார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் வீடு அந்தக் காலி மனைமேல் சாய்ந்து படுத்தது. பெரிய சத்தமில்லை, காக்காய்கள் கும்பலாய் எழும்பிய பிறகுதான் பார்த்தோம் என்று எதிர்வீட்டு மங்கை போனில் சொன்னாள். சைமா அப்போது ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியில் இருந்தாள். டிரோனை இறக்கிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் கூப்பிடும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள்.

போய்ப் பார்க்கலாமா என்று ஃபர்ஹான் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டாள்.